மணல்மேட்டில் ஓராண்டு ஆயுள்

கடலோர மணல்மேட்டில் எது பிழைக்கும், எது பிழைக்காது என்பதை ஈரம்தான் தீர்மானிக்கிறது. இங்கிலாந்தின் மேற்குக் கரையில், லிவர்பூலுக்கு வடக்கே ஃபார்ம்பி பக்கம் போனால் அது கண்கூடு. கோடை நடுப்பகலில் மேல்மணல் காலைச் சுடும்; சற்றே தோண்டினால் குளிர்ச்சி. மாரம் புல் தன் இலையை உள்பக்கமாகச் சுருட்டிக்கொண்டு வெயிலைச் சமாளிக்கிறது. அந்தப் புல்லின் தூரில், சருகுக்கு அடியில், பகலெல்லாம் ஒண்டிக் கிடப்பது ஹார்வெஸ்ட்மேன்.

எட்டுக் கால் இருந்தாலும் இது சிலந்தி இல்லை. இடுப்பே தெரியாத ஒரே உருண்டை உடல், கொத்தமல்லி விதையைவிடக் கொஞ்சம் பெரிது. விஷமும் கிடையாது, நூலும் நூற்காது. உடம்பின் ஈரம் சீக்கிரம் வற்றிவிடும் என்பதால் இரவில்தான் நடமாட்டம். இரண்டாம் ஜோடிக் கால்கள்தான் மற்றவற்றைவிட நீளம். அவற்றை முன்னால் நீட்டித் தடவித் தடவியே வழியும் இரையும் கண்டுகொள்கிறது. அசுவினியோ செத்த பூச்சியோ கிடைத்தால் கடித்தே தின்னும். பிறகு ஒவ்வொரு காலையும் வாயில் கொடுத்து, நுனிவரை உருவிச் சுத்தம் செய்யும். எவ்வளவு நேரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

எதிரி பிடித்தால் காலைக் கழற்றிவிட்டு ஓடிவிடும். கழன்ற கால் தனியே துடித்து எதிரியை ஏய்க்கும். ஆனால் போன கால் மறுபடி முளைக்காது. கோடை முடிவில் ஆறு கால், ஏழு காலோடு நடப்பவற்றைப் பார்க்கையில் மனம் கனக்கிறது.

இலையுதிர்காலத்தில் பெண், உடலுக்குள்ளிருந்து ஒரு குழாயை நீட்டி ஈரமண்ணில் முட்டையிடும். ஸ்காட்லாந்தின் ரைனி பாறையில் கிடைத்த, சுமார் 41 கோடி ஆண்டு பழைய புதைபடிவத்திலும் அந்தக் குழாய் அப்படியே இருக்கிறது! குளிர் இறுகியதும் பெரியவை பெரும்பாலும் மடிந்துவிடும். குளிர்காலம் முழுக்க அந்த இனத்தைத் தாங்குவது மண்ணுக்குள் இருக்கும் முட்டைதான். புல் மிதிபட்டுச் செத்தால் மணல் பறக்கும், ஈரம் போகும், முட்டையும் காயும். மேட்டின் குறுக்கே குறுக்குவழி போடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

வசந்தத்தில் குஞ்சு பொரிக்கும்போது தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. வளர வளரத் தோலுரிக்க வேண்டும். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, மயிரிழைபோன்ற கால்களைப் பழைய தோலிலிருந்து முறியாமல் உருவி எடுக்கிறது. இப்படிப் பல முறை உரித்த பிறகே, கோடையின் பிற்பகுதியில், அது முழு வளர்ச்சி அடைகிறது.