இடது பக்கம் நீட்டிக்கொண்டிருந்த மேகசின்



முதல் உலகப் போரைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு என் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "1914-ல எம்டன் குண்டு போட்டதைத் தவிர அந்தப் போருக்கும் நம்ம ஊருக்கும் என்ன சார் சம்பந்தம்?" நல்ல கேள்வி. பதில் எங்கள் கிண்டியிலேயே இருக்கிறது.

ராஜ்பவன் பக்கம் காலையில் நடக்கும்போது காவலர் தோளில் தொங்கும் கார்பைனைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான துப்பாக்கிகளில் தோட்டா அடைக்கும் மேகசின் அடியில் இருக்கும். இதில் இடது பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் 1918-க்குப் போய்ச் சேரலாம்.

பதுங்கு குழிப் போருக்கு அப்போது நான்காம் வருடம். நீளமான ரைஃபிளோடு குறுகிய குழிக்குள் திரும்பக்கூட முடியாது. ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுக்கவும் வேண்டும். ஜெர்மனியின் ஸூல் நகரில், பெர்க்மான் ஆலையில், ஹியூகோ ஷ்மைஸர் இதற்கு வழி செய்தார். கைத்துப்பாக்கியின் சிறிய 9 மி.மீ. தோட்டா, கனமான போல்ட், ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். விசையை அழுத்தினால் போல்ட் முன்னே பாய்ந்து சுடும். வெடித்த வேகம் அதைப் பின்னே தள்ளும், ஸ்பிரிங் மறுபடி முன்னே தள்ளும். விரலை எடுக்கும்வரை இதே கதை. எம்.பி.18 என்று பெயர்.

போர் முடிந்து வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியின் ஆயுதங்களுக்குக் கடிவாளம் போட்டது. துப்பாக்கி அடங்கவில்லை, திருத்தப்பட்டு எம்.பி.28 ஆனது. வேடிக்கை இனிமேல்தான். 1940-ல் டன்கர்க்கில் ஆயுதங்களைப் போட்டுவிட்டுத் திரும்பிய பிரிட்டன், அவசரத்துக்கு எதிரியின் எம்.பி.28-ஐயே காப்பியடித்து லான்செஸ்டர் என்று பெயர் வைத்தது! (என் வகுப்பில் காப்பியடித்தவர்கள் சந்தோஷப்பட வேண்டாம்.) அதை எளிமையாக்கி, மலிவாக்கி ஸ்டென். பிறகு ஸ்டெர்லிங். அந்த ஸ்டெர்லிங்கைத்தான் நம் கான்பூர் ஆலை 9 மி.மீ. கார்பைனாகச் செய்தது. எல்லாவற்றிலும் மேகசின் இடது பக்கம். தோட்டாவும் அதே தோட்டாதான்.

ராணுவத்தில் இருந்த என் சித்தப்பா ஸ்டென் கன்னைப் பற்றிச் சொல்வார்: "கைக்குழந்தையை இறக்கி வைக்கிற மாதிரி வைக்கணும்டா. தொப்புனு போட்டா தானா சுட்டுடும்." கீழே விழுந்த அதிர்ச்சியில் போல்ட் கொஞ்சம் பின்னே போய்த் திரும்பினாலே போதும். ஸ்டெர்லிங் அந்த விஷயத்தில் எவ்வளவோ மேல்.

எனக்கு உறுத்துவது வேறு. எதிரே இருப்பவன் எதிரி மட்டும்தான் என்ற கணக்கில், குழிக்குள் குண்டை வாரி இறைக்கச் செய்த கருவி இது. அதைப் பொதுக்கூட்ட மேடைக்குப் பக்கத்தில், பிரமுகர் வரும் கல்யாண மண்டப வாசலில் நிற்கும் இருபத்தைந்து வயதுப் பையன் கையில் கொடுத்தோம். சுற்றிலும் ஜனம், குழந்தைகள். ஒவ்வொரு குண்டாகச் சுடும்படி மாற்றி வைக்கலாம்தான். பதற்றத்தில் விரலுக்கு அது நினைவிருக்குமா?

காவல்துறையிலும் ராணுவத்திலும் இருக்கும் பிள்ளைகளே, கார்பைன் பயிற்சியில் உங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது என்ன? எழுதுங்கள். எல்லாரும் பார்க்க வேண்டாம் என்றால் எனக்கு மட்டும் அனுப்புங்கள்.