ஃப்ளை ராடில் ஒரு தக்கை

ஃப்ளை ராடில் எடை இருப்பது ஈயத்தில் இல்லைங்க, தடித்த லைனில். அதைச் சுழற்றி வீசத் தோளில் வலு வேண்டும். ஊரிலிருந்து சண்டிகர் வந்திருந்த அப்பாவுக்கோ தோள்வலி.

கடலுக்குப் போய் ஆற்றுக்குத் திரும்பும் ரெயின்போ டிரவுட்தான் ஸ்டீல்ஹெட். அமெரிக்காவில் அதைப் பிடிப்பவர்கள் சிலர் செய்வதையே ஹிமாச்சல் தீர்த்தன் ஆற்றில் செய்தேன். ஃப்ளை ரீலில் லைனுக்குப் பதில் நைலான் நரம்பு, ஈயக்குண்டு, தக்கை. நீளமான 9 அடி ராட் நரம்பைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடிக்க, பொய்ப்பூச்சி ஆற்றோட்டத்தோடே போகும். வீசவே வேண்டாம்.

"ஏல, இது நம்ம தாமிரபரணித் தூண்டில்லா!" என்றார் அப்பா. அம்மா போனபிறகு அன்றுதான் சிரித்தார்.

போகிறவர்களுக்கு: லைசென்ஸ் அவசியம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை டிரவுட் பிடிக்கத் தடை. மார்ச்சில் அப்பாவோடு போங்க :-)