கந்தற் பாவை

பாவை என்னுஞ் சொல் நம் மொழியிற் பல பொருள் குறித்து வழங்குவது. மகளிரையும் பாவை என்பர். கண்ணின் கருமணியையும் பாவை என்பர். சிறுமியர் கையிற்கொண்டு ஆடும் பொம்மையும் பாவையே. மணலில் வனைந்த வண்டற்பாவையும், கோரையாற் செய்த பைஞ்சாய்ப் பாவையும் சங்கச் செய்யுட்களில் வருதலைத் தமிழ் பயில்வோர் அறிவர். செம்மரத்திற் செதுக்கி, நவராத்திரிக் கொலுவில் ஆடையுடுத்தி நிறுத்தப்பெறும் மரப்பாச்சியை யாவரும் அறிவர். ஆயின், பழந்துணியைத் தைத்துத் தாய்மார் கொடுத்த கந்தற்பாவையைப் பற்றிப் பேசுவார் அரியர். மரம் நின்று நிலைக்க, துணியோ விரைவில் மட்கி மறைவதே அதற்குக் காரணம் போலும். அத்தகைய பாவையொன்றைக் கோடை விடுமுறையில் மீண்டும் செய்ய முயன்ற வரலாற்றையும், அம்முயற்சியில் யாம் இழைத்த பிழையொன்றையும் ஈண்டு எழுதத் துணிகின்றோம்.

எம் தாயைப் பெற்ற அம்மாயி வாழ்வது ஆட்டையாம்பட்டியில். சேலத்திலிருந்து திருச்செங்கோட்டிற்குச் செல்லும் வழியில் உள்ளது அவ்வூர். தறியின் ஓசைக்கும் கைமுறுக்கின் சுவைக்கும் பேர்பெற்றது. அம்மாயி நெசவாளர் குடியிற் பிறந்தவர். மணமான பின்னர் நெடுங்காலம் முறுக்குச் சுற்றி விற்றே மக்களைப் படிக்க வைத்தவர். மாவை விரலிடையே திரித்துத் திரித்து வளையமாகச் சுற்றும் அத்தொழிலில் கண்ணினும் விரலே முதன்மை உடையது. இப்பொழுது அவரது அகவை 85ஐ அணுகிவிட்டது. கண்ணிற் பாவை மங்கிற்று. ஆளை நிழலாகக் காண்பார். முகத்தை விரலால் தடவி இன்னாரென அறிவார்.

மாலைவேளைகளில் அவர் தம் இளமையைச் சொல்லக் கேட்டல் எம் வழக்கம். சொல்லும் யாவற்றுள்ளும் அடிக்கடி மீண்டு வருவது ஒரு பாவையின் கதை. 1827ஆம் ஆண்டிலே சேலத்தில் இலண்டன் மிஷனார் ஊழியந் தொடங்கிய நாள்தொட்டு, அப்பக்கத்துச் சிற்றூர்களிலும் சபைகளும் பள்ளிகளும் எழுந்தன. மேலைநாட்டுத் திருச்சபைப் பெண்டிர் பெட்டிகளில் அனுப்பும் பாவைகளை மிஷன் பள்ளிச் சிறுமியர்க்குப் பரிசாக வழங்குதல் அந்நாளைய வழக்கு. 1946ஆம் ஆண்டு, அம்மாயிக்கு 6 வயது நடந்தபொழுது, அவருடைய தமக்கைக்கு அத்தகைய பரிசொன்று கிடைத்ததாம். தமக்குக் கிடைக்கவில்லையே என்று இளையவர் அழுதார். அன்றிரவு அவர்தம் தாயார் விளக்கொளியில் அமர்ந்து, அப்பரிசுப் பாவையைப் பார்த்துப் பார்த்து, மற்றொரு பாவை தைத்தார்.

அது துணிப்பஞ்சக் காலம். 1943ஆம் ஆண்டில் அரசாங்கம் துணிக்கும் நூலுக்கும் விதித்த கட்டுப்பாடு போர் முடிந்த பின்னும் நீங்கிற்றில்லை. நெய்வார் வீட்டிலேயே உடுக்க மாற்றுடை அரிது. எனினும் அத்தாயார் தம் கணவரின் கிழிந்த வேட்டியால் உடலும், தறிக்கழிவு நூலால் உள்ளீடும், தாம் உடுத்த புடவையின் முந்தானையிலிருந்து வெட்டியெடுத்த துண்டால் ஆடையும் அமைத்தாராம். “மிச்ச நாளெல்லாம் எங்கம்மா குட்டை முந்தானையோடதான் கோயிலுக்குப் போனா, கண்ணு” என்று அம்மாயி கூறுவார். பின்னாளில் ஓட்டு வீட்டை இடித்து மெத்தை வீடு கட்டியபோது, அப்பாவை இருந்த தகரப்பெட்டி காணாமற் போயிற்று. அறுப்பின் பண்டிகையன்று அதனைக் கையிற்கொண்டு சிறுமியாக நின்ற அம்மாயியின் நிழற்படம் ஒன்றே எஞ்சியது.

அப்படத்தைக் கொண்டு அப்பாவையை மீண்டும் செய்து அவர் கையில் வைப்பதென்று யாம் உறுதி பூண்டோம். தையலறிந்த எம் சிற்றன்னை துணைநின்றார்.

இங்ஙனம் பழம்பாவைகளைப் படியெடுத்துச் செய்தல் பிற நாடுகளில் ஒரு கலையாகவே வளர்ந்துள்ளது என்பதை நூலகத்திற் படித்தறிந்தோம். எகிப்து நாட்டில் உரோமர் ஆட்சிக்காலத்துச் செய்யப்பெற்ற கந்தற்பாவையொன்று இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. சணல்நார்த் துணியுள் கந்தலும் பாப்பிரசும் அடைத்தது அது. அமெரிக்காவில் இசன்னா வாக்கர் என்னும் அம்மையார், துணியைப் பசையிட்டு அடுக்கி அச்சில் அழுத்தி, எண்ணெய் வண்ணம் தீட்டிப் பாவை செய்யும் முறைக்கு 1873ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். ஜெர்மானியரான கேத்தே குரூசே அம்மையார் 1905ஆம் ஆண்டில் தம் மகளுக்கெனச் செய்த முதற்பாவை, மணல் நிரப்பிய துவாலையும் தலைக்கோர் உருளைக்கிழங்குமே.

இவற்றுள் எம் நெஞ்சைக் கவர்ந்தது பென்சில்வேனியா நாட்டுப் பெத்லகேம் ஊர் மொரேவியத் திருச்சபைப் பெண்டிர் செய்த பாவை. 1872ஆம் ஆண்டிற் செய்யத் தொடங்கி, நூறாண்டு கடந்தும் அதே உருவில், கையாலேயே தைத்து, முகந்தீட்டி, விற்ற பொருளைத் திருப்பணிக்கு அளித்து வந்தனர். பழைய மொரேவியப் பள்ளிச் சிறுமியரைப்போல அது கட்டமிட்ட உடையும் வெண்டொப்பியும் அணிந்திருக்கும். பாலி ஹெக்கவெல்டர் என்பது அதன் பெயர். அப்பெயர்க்கு உரியவர் 1781ஆம் ஆண்டில் ஒகையோ நிலத்து மிஷன் சிற்றூர் ஒன்றிற் பிறந்தவர். அச்சிற்றூரின் பெயரும் சேலம் என்பதே! அம்மொரேவியச் சகோதரர் 1760ஆம் ஆண்டில் நம் தரங்கம்பாடிக்கும் வந்து தோட்டமமைத்து வாழ்ந்தவர் என்பதை அறிந்தபொழுது, கடலுக்கு அப்பாலுள்ள பாவையும் எமக்கு உறவாயிற்று.

இனி, செய்த முறையைக் கூறுவோம். பாவையின் உயரம் எவ்வளவு? படத்தைக் கொண்டு துணிய இயலவில்லை. முழங்கையிலிருந்து விரல்நுனிவரை இருக்கும் என்று அம்மாயி முன்னர்க் கூறியது நினைவுக்கு வந்தது. 6 வயதுச் சிறுமியின் முழம் ஏறத்தாழ 12 அங்குலம். 60 அங்குல உயரமுள்ள பெண்ணொருத்தியை ஐந்திலொன்றாகச் சுருக்கின் 12 அங்குலமாதலின், ஆடை யாவற்றையும் அக்கணக்கிலேயே அமைத்தோம். 8 கஜப் புடவை 58 அங்குல நீளமாயிற்று. 45 அங்குல அகலம் 9 அங்குலமாயிற்று. 4 அங்குலக் கரை முக்கால் அங்குலத்திற்குச் சற்று மிகுந்தது.

ஆயின் அளவைச் சுருக்கலாமேயன்றி நூலின் பருமனைச் சுருக்குதல் இயலாது. கடையில் வாங்கிய புதுத்துணி பாவையின் இடையில் அட்டைபோல் விறைத்து நின்றது, கொசுவம் படியவில்லை. பலகாலம் துவைத்து நைந்த மெல்லிய துணியே சிற்றுடைக்கு ஏற்றது என்று அப்பொழுது உணர்ந்தோம். அத்தாயார் பழம்புடவையை வெட்டியது வறுமையால் மட்டுமன்று. அதுவே தக்கதும் ஆம். நூலிலும் இடர் நேர்ந்தது. சிற்றன்னையின் தையற்பெட்டியில் இருந்தவை யாவும் பாலியெஸ்டர் நூல்கள். அவ்விழை 1941ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் கண்டறியப்பட்டதெனினும், 1946ஆம் ஆண்டில் எவ்வூர்க் கடையிலும் விற்கப்பெற்றதன்று. எனவே கைத்தறி நெய்யும் முதியவர் ஒருவரிடம் பருத்தி இழை பெற்று, இரண்டிரண்டாக முறுக்கி, தேன்மெழுகு தடவித் தைத்தோம்.

முதலிற் செய்த உடல் பயனற்றுப் போயிற்று. உள்ளீடு புகப்புக அது பக்கவாட்டிற் பருத்து, நீளத்திற் குறுகியது. தலையோ கழுத்திலே துவண்டு தொங்கிற்று. இரண்டாவதை நீளங்கூட்டி வெட்டினோம். வளைவுகளிற் தையலுக்கு வெளியேயுள்ள துணியைச் சிறிது சிறிது கத்தரித்து விட்டோம். கைகால்களின் நுனியிலிருந்து தொடங்கி நகத்தளவு நகத்தளவாக நூற்கழிவைக் குச்சியால் திணித்தோம். கழுத்தினுள் மூங்கிற் சிம்பொன்று வைத்தோம். கரிய நூலாற் கண்ணும் செந்நூலால் வாயும் அமைந்தன.

எஞ்சியது ஒன்று. படத்தில் பாவையின் முன்புறமே தெரிந்தது, முதுகு தெரியவில்லை. அக்காலப் பெண்டிர் உடுத்த பின்கொசுவம் யாங்ஙனம் அமையும் என்று அறியாது, அம்மாயியிடமே சென்று, “உங்க அம்மா புடவை எப்படிங்க அம்மாயி கட்டுவாங்க?” என்று வினவினோம். அவர் துண்டொன்றை வாங்கி எம் இடுப்பிலேயே சுற்றி, பின்னே மடித்துக் காட்டினார். எதற்கென்று கேட்டிலர்.

பாவை முற்றுப்பெற்றது. ஆனால் அது புத்தம்புதிதாக வெளுத்திருந்தது. படத்திலுள்ளதைப்போற் பழமை தோன்றவேண்டித் தேயிலை நீரில் தோய்த்து உலர்த்தினோம். புடவை விளிம்பைக் கல்லில் உரசி நைந்ததாக்கினோம். அப்பொழுது சிற்றன்னை கூறினார்: “பரண்மேலே பழைய பெட்டியில கெடச்சதுன்னு சொல்லு. இந்த வயசுல மனசு குளுரட்டும்.” யாமும் அதற்கு உடன்பட்டோம். உண்மையைச் சொல்வதாயின், உடன்பட்டமைக்கு அன்பு மட்டும் காரணமன்று. எம் கைவினை உண்மைப் பொருளென்றே கொள்ளப்படுதல் வேண்டும் என்னும் செருக்கும் உள்ளே இருந்தது.

“கெடச்சிருச்சா?” என்றார் அம்மாயி. மடியில் வாங்கி, முகத்தையும் கைகளையும் தடவி, தோளிலுள்ள தையலில் விரலை நெடுநேரம் ஓட்டினார். பின்னர் ஒன்றுங் கூறாது அதனைத் தலையணையருகே வைத்துக்கொண்டார். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

விடுமுறை நாட்களில் காலைதோறும் அவருக்கு வேதம் வாசித்தல் எம் கடமை. பகுதியை அவரே சொல்வார். மறுநாட்காலை, “ஆதியாகமம் 27ஆம் அதிகாரத்தை வாசி, கண்ணு” என்றார். யாதொன்றும் எண்ணாது தொடங்கினோம். கண் மங்கிய ஈசாக்கின் முன்னே இளைய மகன் தமையனின் உடையை உடுத்து, கைகளில் ஆட்டுத்தோலைச் சுற்றி வந்து நிற்கின்றான். முதியவர் அவனைத் தடவிப் பார்க்கின்றார். அவ்விடம் வந்ததும் எம் குரல் எழவில்லை. நூலை மூடி, நிகழ்ந்த அனைத்தையும் கூறி, பொறுத்தருள வேண்டினோம்.

அம்மாயி சினந்திலர். “தெரியும் கண்ணு. எங்கம்மாளுக்கு எடதுகைப் பழக்கம். அவ தையல் இந்தப் பக்கம் சாயும், இது அந்தப் பக்கம் சாஞ்சு ஓடுது” என்றார். நேற்றே ஏன் கூறவில்லை என்றதற்கு, “நீயே சொல்லுவேன்னு பாத்திருந்தேன்” என்றார்.

நாணம் மிக்கு, தையலைப் பிரித்துவிட்டு இடக்கையால் மீண்டும் தைத்துத் தருகின்றோம் என்றோம். அப்பொழுது அவர் கூறிய மொழி என்றும் மறத்தற்கரியது: “எங்கம்மா கை எங்கம்மாளோட போச்சு. அதை நீ எதுக்குத் திருடறே? உன் கை உனக்கிருக்கு. இது நீ எனக்குத் தைச்ச பொம்மை. அந்தச் சாயத்தை அலசிப்போட்டு, உன் பேரையும் வருஷத்தையும் எழுது.”

அவ்வண்ணமே செய்தோம். பின்னர்ப் படித்தறிந்ததும் அதுவே: பழம்பாவையைப் படியெடுக்கும் நேர்மையான கைவினைஞர், பின்வருவோர் மயங்காவண்ணம் தம் பெயரையும் ஆண்டையும் அதன் உடலில் எழுதிவைத்தல் நலமென்பர். தேயிலைத் துவர் நாளடைவில் துணியை அரிக்கும் என்றும் அறிந்தோம். மும்முறை அலசியும் புடவையின் கரையோரம் சிறிது கறை போகவில்லை. பாதத்தின் அடியில் கரிய நூலால் எம் பெயரின் முதலெழுத்தையும் ஆண்டையும் பொறித்தோம். அம்மாயி அவ்வெழுத்தை விரலால் தடவிப் பார்த்து, “இப்ப சரி” என்றார்.

சற்று எண்ணிப்பார்க்குங்கால், காணாமற்போன அப்பாவையும் பரிசுப் பாவையைப் பார்த்துச் செய்த படியே. எனினும் அத்தாயார் அதனை மேலைநாட்டிலிருந்து வந்ததென்று மகளிடம் கூறவில்லை. தம் முந்தானையையே அதற்கு உடுத்தினார். அதனாலன்றோ எழுபத்தைந்து ஆண்டுக்கு மேலாகியும் அது ஒரு முதியவளின் விரல்நுனியில் வாழ்கின்றது!

கல்லூரித் தோழர்காள்! முன்னோர் நடையைப் பயின்று எழுத முயலும் தமிழ் மாணவரும் ஒருவகையிற் படியெடுப்போரே. முன்னோரின் தையலைப் பயில்வோமாக. அவர்தம் கையை எமதென்று கூறாதிருப்போமாக. பாவை இப்பொழுது ஆட்டையாம்பட்டியில் அம்மாயியின் தலையணையருகே உள்ளது. அடுத்த விடுமுறையில் அதற்கொரு தங்கை வேண்டுமாம். இம்முறை கொசுவத்தைத் தாமே வைத்துத் தருவதாகக் கூறியிருக்கின்றார்.