லென்ஸைப் பார்த்துப் பேசுங்கோ, மாமி

செகந்திராபாத் மேற்கு மாரெட்பள்ளியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் ஸ்லோக வகுப்பு, எதிர்வீட்டில் வத்தக்குழம்பு, மாடியில் பங்குச் சந்தை யோசனை, பக்கத்து ஃபிளாட்டில் பெங்களூர் கம்பெனிக்கு ஆன்லைன் நேர்காணல். ஒலிபெருக்கியில் ‘உல்லிகட்டலு’ என்று கூவிக்கொண்டு வெங்காய ஆட்டோ நுழைந்தால் நாலு ஜன்னல்கள் ஒன்றாகச் சாத்தப்படும்.

எங்கள் கீழ்வீட்டு மாமி கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக யூடியூபில் பாடம் எடுக்க வேண்டும் என்று பேரன் வற்புறுத்தி, செல்போனை ஸ்டாண்டில் மாட்டி, முகத்துக்கு நேரே வட்ட விளக்கும் வைத்துவிட்டான். ஒரு பார்வையில் வகுப்பையே அடக்கியவருக்கு அந்தக் கறுப்புப் புள்ளியைப் பார்த்ததும் குரல் கம்மிவிட்டது. “யாரும் தலையாட்ட மாட்டேங்கறாளே! புரிஞ்சுதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். கேமராவைப் பற்றி நான் படித்த எந்தக் குறிப்பும் சிக்கலை இவ்வளவு நேராகச் சொன்னதில்லை.

எதிரே ஆள் இருந்தாலே நாக்கு வறளும், விவேகானந்தருக்கே வறண்டது. செகந்திராபாத் எஸ்.டி. ரோடில் இருக்கிற மஹபூப் கல்லூரி, சோமசுந்தர முதலியார் 1862-ல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. 1893 பிப்ரவரி 13 அன்று விவேகானந்தர் அங்கே ஏறக்குறைய ஆயிரம் பேர் முன்னிலையில், தாம் மேற்குலகம் போகும் நோக்கத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேசினார். அப்படிப் பேசியவரே அதே ஆண்டு செப்டம்பரில் சிகாகோ சர்வமத மாநாட்டு மேடையில் நெஞ்சு படபடத்து, காலையில் பேசத் துணியாமல் தள்ளிப்போட்டார். சென்னையில் இருந்த சீடர் அளசிங்கப் பெருமாளுக்கு எழுதிய கடிதத்தில் இதை அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். பிறகு அவர் எழுந்து அவையை விளித்ததும் எழுந்த கைத்தட்டல் மீதியைப் பார்த்துக்கொண்டது. கேமரா கைதட்டாது. கொட்டாவி விட்டாலாவது பேச்சைச் சுருக்கலாம், அதுவும் விடாது.

பதில் வராத இடத்தில் மனிதன் பதிலைத் தேடுவான். செல்போன் திரையில் கிடைக்கிற ஒரே முகம் அவனுடைய முகம்தான். அதனால் கண் அங்கே போய்விடுகிறது. லென்ஸ் திரையின் மேல் ஓரத்தில், பார்வை அதற்கு ஒரு விரற்கடை கீழே. பார்க்கிறவருக்கோ, இந்த ஆள் நம்மை விட்டு வேறு எதையோ பார்க்கிறார் என்று படும். லேப்டாப்பை மேஜைமேல் தாழ்வாக வைத்துப் பேசினால் நாசித்துவாரமும் மின்விசிறியும்தான் தெரியும். அதற்கு அடியில் நாலு தடிப் புத்தகம் வைத்துக் கண்மட்டத்துக்கு உயர்த்த வேண்டும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டுவிடும், அது முன்னால் இருக்க வேண்டும். பதிவான குரலைக் கேட்டு “இது நானா?” என்று அதிராதவர் கிடையாது. பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமின்றி மண்டையோட்டு எலும்பு வழியாகவும் நம் காதுக்குள் வருகிறது. எலும்பு கொடுக்கும் கனம் பதிவில் இல்லாததால் குரல் மெலிந்து கேட்கிறது. மற்றவர்கள் எப்போதும் அந்த மெலிந்த குரலைத்தான் கேட்டிருக்கிறார்கள், யாரும் ஓடிப்போகவில்லை என்றதும் மாமி சமாதானமானார்.

இதெல்லாம் ஒரு மாலையில் கற்றுக்கொள்ளக்கூடியவை. இவற்றின் மேல் ஏற்றி வைக்கிற தத்துவம்தான் எனக்கு உறுத்துகிறது. பேச்சின் தாக்கத்தில் சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்று தன்னம்பிக்கை வகுப்புகளில் ஒரு கணக்கை ஓதுகிறார்கள். அது ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967-ல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்தது. அவர் சோதித்தது விருப்பு வெறுப்பை மட்டுமே. ஒற்றைச் சொல்லை வெவ்வேறு தொனியில் கேட்கவைத்து, முகப் படங்களைக் காட்டி, பேசுகிறவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று ஊகிக்கச் சொன்னார். உணர்ச்சியைப் பற்றிய பேச்சுக்கு வெளியே இந்த எண்கள் செல்லாது என்று அவரே எச்சரித்திருக்கிறார். பித்தகோரஸ் தேற்றத்தில் 93 சதவீதம் மாமியின் முகத்திலும் குரலிலும் இருக்கிறது என்றால் பிள்ளைகள் பரீட்சையில் என்ன எழுதுவார்கள்?

முகமே தெரியாமல் நம்பிக்கையைச் சம்பாதித்தவர்கள் உண்டு. தில்லி வானொலியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி வாசித்த தமிழ்ச் செய்தியைக் கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு அவர் எப்படி இருப்பார் என்று தெரியாது. தமிழ்நாட்டுக்கு வெளியே குடியேறிய குடும்பங்களில் அந்தக் குரல் ஒரு சாட்சியைப் போல மதிக்கப்பட்டது. அதில் பகட்டு இல்லை. பெயர்களைத் தடுக்கி விழாமல் உச்சரித்தார், அவ்வளவே. உச்சரிப்பில் காட்டிய அந்த அக்கறையே கேட்பவரிடம் காட்டிய மரியாதை ஆயிற்று.

முகமும் சேர்ந்தபோது என்ன ஆனது என்பதற்கு ஹைதராபாதிலேயே ஆள் இருந்தார். சாந்தி ஸ்வரூப், தெலுங்குத் தொலைக்காட்சியின் முதல் செய்தி வாசிப்பாளர். 1983 நவம்பர் 14 அன்று ஹைதராபாத் தூர்தர்ஷனில் வாசிக்கத் தொடங்கினார். அப்போது அங்கே டெலிபிராம்ப்டர் இல்லை. தாளைக் குனிந்து படித்தால் பார்ப்பவரின் கண்ணைச் சந்திக்க முடியாது. அதனால் அன்றைய செய்தியை மனப்பாடம் செய்துகொண்டு நிமிர்ந்து சொன்னார், ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அப்படியே. 2011-ல் ஓய்வு பெற்றார், 2024 ஏப்ரலில் காலமானார். தெலுங்குக்காரர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது அந்த அமைதியான பார்வையைச் சொல்லாமல் விடுவதில்லை. அந்தப் பார்வைக்கு ஒரு விலை இருந்தது. செய்தியை உள்ளே வாங்காமல் அவரால் நிமிர்ந்திருக்கவே முடியாது. கண் நிமிர்ந்திருப்பதே விஷயம் மனதில் ஏறிவிட்டது என்பதற்கு அத்தாட்சி.

டெலிபிராம்ப்டர் அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டது. லென்ஸுக்கு முன்னால் 45 டிகிரி சாய்வில் ஒளியில் ஒரு பகுதியை மட்டும் விடும் கண்ணாடி, அதற்குக் கீழே எழுத்துகள் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பி ஓடும் திரை. வாசிப்பவருக்கு எழுத்து தெரியும், கேமராவுக்குக் கண்ணாடி இருப்பதே தெரியாது. 1950 வாக்கில் அமெரிக்காவில் நடிகர்களுக்கு வசனம் மறக்காமலிருக்கப் பிறந்த கருவியின் வளர்ந்த வடிவம் இது. இன்று செல்போனிலேயே அதற்கு ஆப் உண்டு. நேராகப் பார்ப்பதற்கு இனி எதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டியதில்லை. 2023 ஜூலையில் ஒடிசாவின் ஓ.டி.வி. இன்னும் ஒரு படி மேலே போய், கைத்தறிப் புடவை கட்டிய ‘லிசா’ என்ற செயற்கை நுண்ணறிவு உருவத்தைச் செய்தி வாசிக்க வைத்தது. லிசாவுக்குப் பதற்றம் கிடையாது, வியர்க்காது, ‘அ...’ என்று இழுக்காது. தைரியமான முகமும் தடுமாறாத குரலும்தான் நம்பகத்தன்மை என்றால், அந்தப் போட்டியில் நாம் எல்லோரும் ஏற்கெனவே தோற்றுவிட்டோம்.

வள்ளுவர் அவையறிதலை 72-ஆம் அதிகாரமாகவும் அவையஞ்சாமையை 73-ஆம் அதிகாரமாகவும் வைத்திருக்கிறார். யாரிடம் பேசுகிறோம் என்று அறிவது முதலில், அஞ்சாமை அப்புறம். கேமராப் பயிற்சி முழுக்க இரண்டாவதிலேயே நிற்கிறது: தோளை நிமிர்த்து, கையை விரி, புன்னகை செய். முதலாவதை யாரும் கேட்பதில்லை. நான் மாமியிடம் அதை மட்டும் கேட்டேன். “உங்க கிளாஸ்ல கணக்குன்னாலே நடுங்கற பிள்ளை யாராவது இருந்தாளா?” உடனே ஒரு பெயர் வந்தது, கடைசி பெஞ்ச், ஜன்னலோரம். “லென்ஸுக்குப் பின்னால அவ உட்கார்ந்திருக்கா, அவளைப் பார்த்துப் பேசுங்கோ, மாமி” என்றேன். குரல் மாறியது, வேகம் குறைந்தது. நடுவில் ஒரு படியை எழுதிவிட்டு நிறுத்தினார். “இரு, இது உன்னைக் குழப்பும், வேற மாதிரி சொல்றேன்” என்று கேமராவிடமே சொல்லி, அடித்துவிட்டு மறுபடி போட்டார்.

பேரன் அந்த இடத்தை வெட்டிவிட வேண்டும் என்றான், அடுத்த தடவை பிராம்ப்டர் ஆப் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னான். மாமி இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. நான் மாமி பக்கம். சறுக்காத பேச்சை இனி எந்த எந்திரமும் தரும். கேட்பவருக்கு எங்கே தடுக்கும் என்று முன்கூட்டியே கவலைப்பட்டு நிற்பதும், இந்த இடம் எனக்குத் தெரியாது என்று லென்ஸைப் பார்த்துச் சொல்வதும் ஆளுக்குத்தான் வரும். ஆகவே இப்போதெல்லாம் திரையில் ஒருவர் பேசினால், எங்கேயாவது நிதானிக்கிறாரா என்றுதான் முதலில் பார்க்கிறேன். தாளை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு நிமிர்கிறவரிடம் எனக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது. ஒரு நொடிகூட எங்கும் நில்லாமல் பங்குச் சந்தையைக் கணித்துச் சொல்லும் மாடிவீட்டுப் பையனிடம் மட்டும் இன்னும் பணம் கொடுக்கவில்லை.