பாலைவனத்தில் ஓர் இரவுப் பந்தயம்

தோட்டப்புறங்களிலிருந்தும் போர் பாதித்த கிராமங்களிலிருந்தும் எமது பெண்கள் பிழைப்புத் தேடிச் செல்லும் நாடுகளில் கட்டாரும் ஒன்று. அதன் தலைநகர் டோஹாவுக்கு வடக்கே, பாலைவனத்தில், லுசெயில் என்ற மோட்டார் பந்தயத் திடல் இருக்கிறது. கார்ப் பந்தயத்துக்கும் எமக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். ஹாலிஎலயில் சமூக சேவையாளராக வேலை செய்யும் எனக்கு அந்தத் தொடர்பு தெரிகிறது.

ஐந்து கிலோமீற்றருக்கு மேல் நீளமான அந்த ஓடுபாதை 2004இல் திறக்கப்பட்டது. பாதையில் மணல் வந்து படியாதிருக்கச் சுற்றிலும் செயற்கைப் புல் விரித்திருக்கிறார்கள். 2008 மார்ச்சில் உலக மோட்டார் சைக்கிள் பந்தயம் முதன்முறையாக இங்கே இரவில் நடந்தது. அதற்காக 3,000க்கும் அதிகமான மின்விளக்குகளைப் பொருத்தி இரவைப் பகலாக்கினார்கள். 2021இல் போர்மியூலா வன் கார்ப் பந்தயமும் வந்தது.

2023 ஒக்டோபர் 8ஆம் திகதி, எமது நேரப்படி இரவு 10.30க்கு அந்த ஆண்டின் கார்ப் பந்தயம் தொடங்கியது. வெயில் இல்லாத இரவிலும் வெக்கை தணியவில்லை. ஒரு சாரதி காரை ஓட்டியவாறே தலைக்கவசத்துக்குள் வாந்தி எடுத்தார். இன்னொருவர் முடியாமல் பாதியில் விலகினார். உலகமே அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. பிறகு விதி மாறியது. 31 பாகை செல்சியஸுக்கு மேல் வெப்பம் எதிர்பார்க்கப்பட்டால், சாரதியின் உடலைக் குளிர்விக்கும் ஏற்பாடு காரில் இருக்க வேண்டும் என்று 2025 முதல் நடைமுறைக்கு வந்தது.

அதே நாட்டில் வீட்டுப் பணிப்பெண்ணாக நான்கு வருடம் இருந்து திரும்பிய ஒரு சகோதரியைத் தோட்ட லயமொன்றில் சந்தித்தேன். பந்தயத்தை அவர் பார்த்ததில்லை. "ரேஸ் ராத்திரியில வீட்டுக்கு விருந்தாளிங்க வருவாங்க மிஸ். சமைச்சு, கழுவி, நான் படுக்கிறப்ப விடிஞ்சிரும்" என்றார். மறுநாள் லீவு தந்தார்களா என்று கேட்டேன். "லீவா? நாலு வருசத்துல அப்படி ஒன்னு இல்லீங்க மிஸ்."

அவருக்கு விடுமுறை உரிமை இருந்தது. கட்டாரின் 2017ஆம் ஆண்டு 15ஆம் இலக்கச் சட்டம் வீட்டுப் பணியாளருக்கானது. நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரத்தில் ஒரு முழு நாள் சம்பளத்துடன் ஓய்வு வேண்டும் என்று அது சொல்கிறது. 2021 மார்ச்சிலிருந்து மாதம் 1,000 ரியால் ஆகக் குறைந்த சம்பளம் வீட்டுப் பணியாளருக்கும் உரியது. கடவுச்சீட்டை எஜமானர் பிடித்து வைப்பது குற்றம். வெளியில் வேலை செய்யும் ஆண்களுக்கு, ஜூன் முதலாம் திகதியிலிருந்து செப்டெம்பர் 15 வரை காலை 10 மணி முதல் மாலை 3.30 வரை வெயிலில் வேலை இல்லை.

சாரதிகளின் துன்பத்தைக் கமெரா காட்டியது. குசினிக்குள் மயங்கி விழும் பெண்ணைக் காட்ட அங்கே கமெரா இல்லை. சட்டம் எழுதியிருந்தும் அவளுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. "இது அப்பவே தெரிஞ்சிருந்தா வாயத் தொறந்து கேட்டிருப்பேனே மிஸ்" என்று அந்தச் சகோதரி சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது.

ஆகவே தோழியரே, கணவரை இழந்தோ கடனுக்காகவோ வெளிநாடு செல்ல முடிவெடுத்தால், வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போகாதீர்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வேலை நேரம், ஓய்வு நாள், சம்பளம் மூன்றையும் அதில் தேடுங்கள். ஒப்பந்தத்திலும் கடவுச்சீட்டிலும் ஒவ்வொரு பிரதியைத் தாயிடமோ மூத்த பிள்ளையிடமோ கொடுத்து வையுங்கள். பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். அங்கிருந்து உங்களால் பேச முடியாமற் போனால், இங்கிருந்து அவர்கள் உங்களுக்காகப் பேசட்டும்.