தினமும் திருவிழா நடக்கும் ஊர்: கன்னியாகுமரியில் குடியிருந்தால் எப்படி இருக்கும்?

ஆடித்தபசு நாளில் சங்கரன்கோவிலில் கால் வைக்க இடம் இருக்காது. கோமதி அம்மனுக்கு சுவாமி சங்கரநாராயணராகக் காட்சி கொடுப்பதைப் பார்க்க தென்மாவட்டங்கள் முழுவதிலிருந்தும் மக்கள் வந்து குவிவார்கள். ஆடிச்சுற்று சுற்றும் பக்தர்களால் கோயில் நிறைந்திருக்கும். உள்ளூர்க்காரர் தன் தெருவுக்குள் பைக்கைக் கொண்டுவரவே படாதபாடு படுவார். ஆனாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. பன்னிரண்டு நாள் திருவிழா முடிந்ததும் ஊர் திரும்பவும் உள்ளூர்க்காரர் கைக்கு வந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தறிச் சத்தம், பூ மார்க்கெட், பிரியாணிக் கடை என்று வழக்கமான சங்கரன்கோவில் தொடங்கிவிடும்.

அங்கிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர் தெற்கே, திருநெல்வேலியில் பஸ் மாறிப் போனால் கன்னியாகுமரி. அங்கே திருவிழாவுக்குக் கொடியேற்றமும் இல்லை, கொடியிறக்கமும் இல்லை. வருடம் முழுக்கக் கூட்டம்தான்.

தென்காசி மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரித்தபோது இந்த மாவட்டத்துக்கு மலையும் குற்றாலமும் கிடைத்தன. கடல் நெல்லையோடு நின்றுவிட்டது. அதனாலோ என்னவோ, சங்கரன்கோவில் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கடல் என்றால் தனி ஆசை. முழுப் பரீட்சை லீவில் குமரிக்குப் போய், சூரிய உதயம் பார்த்து, படகில் போய், சங்கு மாலையும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பஸ்ஸில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: “ரிட்டயர்டு ஆனதும் இங்கயே ஒரு வீடு பாத்து வந்துரணும்.”

ஆசை நியாயமானதுதான். ஆனால், ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்தைப் போடும் முன், சுற்றுலாப் பயணி பார்க்கும் ஊரும் குடியிருப்பவர் பார்க்கும் ஊரும் ஒன்றா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் வரங்கள்

குமரியின் முதல் வரம் காற்று. சித்திரை, வைகாசியில் சங்கரன்கோவில் கரிசல் பூமி அனலாகக் கொதிக்கும்போது, குமரியில் கடற்காற்று வெயிலின் கொடுமையைக் குறைத்துவிடும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே எட்டிப்பார்க்கும் மாவட்டம் என்பதால், ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனாலே பச்சை கண்ணில் படும்.

இரண்டாவது, போக்குவரத்து. ஊர் சின்னதுதான்; ஆனால் நாட்டின் கடைசி ரயில் நிலையம் அதுதான். கடைசி என்றால் அங்கிருந்து கிளம்பும் ரயில்களுக்கு அதுவே முதல் நிலையம். சென்னைக்கு மட்டுமல்ல, அசாமின் திப்ருகர் வரை போகும் விவேக் எக்ஸ்பிரஸும் இங்கிருந்துதான் புறப்படுகிறது. அது ஓடும் தூரம் 4,100 கிலோமீட்டருக்கும் அதிகம். ஸ்ரீநகரிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலை 44 முடிவதும் இங்கேதான். பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. படிப்புக்கும் குறைவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவில் முதலிடம் பிடித்த மாவட்டம் இது.

மூன்றாவது, வருமானம். 1970-ல் விவேகானந்தர் பாறை நினைவு மண்டபம் திறக்கப்பட்டது. 2000 ஜனவரி 1-ம் தேதி 133 அடி திருவள்ளுவர் சிலை எழுந்து நின்றது. இரண்டு பாறைகளையும் இணைக்கும் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-ம் தேதி திறக்கப்பட்டது. இப்படி ஒவ்வொன்று வரும்போதும் கூட்டம் கூடுகிறது. லாட்ஜ், சாப்பாட்டுக் கடை, ஆட்டோ, சங்கு–சிப்பிக் கடை என்று பிழைப்புக்கு வழி பிறக்கிறது. முதலீடு என்று ஒரு கூடை மாங்காயும் கொஞ்சம் மிளகாய்ப் பொடியும் இருந்தால் போதும், கடற்கரையில் அன்றைய பாட்டைப் பார்த்துக்கொள்ளலாம். பல மொழிக்காரர்களோடு பழகிப் பழகி, கடைக்காரர்கள் மலையாளமும் இந்தியும் சரளமாகப் பேசுவார்கள்.

நான்காவது வரத்துக்கு விலை போட முடியாது. சித்ரா பௌர்ணமி மாலையில் ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா எழும். அதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் ரூம் புக் செய்து வருகிறார்கள். உள்ளூர்க்காரர் மொட்டைமாடிக்குப் போனால் போதும்.

காற்றோடு வரும் உப்பு

குளிர்ச்சி தரும் அதே காற்றில்தான் உப்பும் வருகிறது. இது முதல் நாள் தெரியாது. இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் தெரியும். ஜன்னல் கம்பி செதில் செதிலாக உரியும். கேட் கீல் இறுகிப்போகும். சைக்கிள் செயின் முதல் ஏசியின் வெளி யூனிட் வரை இரும்பு இருக்கும் இடமெல்லாம் துரு ஏறும். சுவருக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால் ஆபத்து இன்னும் அதிகம். துரு ஏறும்போது கம்பி பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும். சங்கரன்கோவிலில் பத்து வருடம் ஓடும் பொருள் இங்கே பாதிக் காலம் ஓடினால் அதிர்ஷ்டம் என்றே கணக்குப் போட வேண்டும்.

தண்ணீரிலும் உப்புப் பிரச்னை உண்டு. கடலோரத்தில் நிலத்தடி நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் ஒரு அடுக்காக நிற்கிறது. மேலே இருப்பதை அளவுக்கு மீறி உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்பு மேலேறி வரும். வீட்டுக்காரர் ஒரு குடும்பத்துக்குத் தண்ணீர் எடுக்கிறார். லாட்ஜ் நூறு பேருக்கு எடுக்கிறது. லாட்ஜ் இழுக்கும் தண்ணீருக்குப் பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்துதான் விலை கொடுக்கிறது.

சீசன் வந்தால் ஊர் யாருக்கு?

கார்த்திகை பிறந்தால் குமரியில் சீசன். சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள் தை வரை அலை அலையாக வருவார்கள். சீசன் கடைகள் முளைக்கும். விடிவதற்கு முன்பே வேன்கள் வரிசைகட்டும். சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களுக்கு அது வாழ்நாளில் ஒரு காலை. அந்தத் தெருவில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற அம்மாவுக்கு அது அன்றாடக் காலை. ஹாரன், குப்பை, பார்க்கிங் சண்டை என்று எல்லாம் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். ஆட்டோக்காரர் உள்ளூர் முகத்தைப் பார்த்தால் நியாயமான வாடகை கேட்பார். ஆனால் சீசனில் அவர் உள்ளூர் சவாரிக்கு வண்டியைத் திருப்ப வேண்டுமே!

வாடகை வீடு இன்னொரு தலைவலி. மாத வாடகையைவிட நாள் வாடகை லாபம் என்றால், வீட்டுக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. இது குமரிக்கு மட்டுமான சிக்கல் இல்லை. உலகம் முழுக்கக் கடலோரச் சுற்றுலா நகரங்கள் இதில்தான் திணறுகின்றன. ஸ்பெயினின் பார்சிலோனா நகர நிர்வாகம், சுற்றுலாப் பயணிகளுக்குக் குறுகிய கால வாடகைக்கு விடும் சுமார் 10,000 வீடுகளின் உரிமங்களை 2028-க்குள் முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக 2024-ல் அறிவித்தது. இத்தாலியின் வெனிஸ் நகரம் அதே ஆண்டு, நெரிசல் நாள்களில் பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ கட்டணம் வாங்கத் தொடங்கியது. வந்தவரை வாழவைக்கும் ஊர்கள், வாழ்கிறவர்களைக் காப்பாற்ற வழி தேடும் நிலைக்கு வந்திருக்கின்றன.

கூட்டம் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். 2020 கொரோனா ஊரடங்கில் படகுப் போக்குவரத்து மாதக்கணக்கில் நின்றது, கடற்கரை வெறிச்சோடியது. நூல் விலை ஏறினால் சங்கரன்கோவில் தறிக்காரருக்குக் கஷ்டம் என்றாலும், அந்த ஊருக்குப் பூவும் வயலும் மிச்சம் இருக்கின்றன. பயணிகளை மட்டும் நம்பும் தெருவில் எல்லாக் கடையும் ஒரே நாளில் படுத்துவிடும். பெருந்தொற்றுகூட வேண்டாம். கடல் கொஞ்சம் சீறினாலோ, நீர்மட்டம் தாழ்ந்தாலோ பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் படகை நிறுத்திவிடும். கடைக்காரரின் அன்றைய கல்லாவும் அதோடு சேர்ந்து இறங்கும்.

கடலைத் தெரிந்தவர்களுக்கே கடல் கணக்கு புரியாது

பயணி பார்ப்பது கடலின் முகத்தை மட்டும்தான். அதன் குணம் தெரிந்தவர்கள் மீனவர்கள். சின்னமுட்டம் துறைமுகம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால், அங்கே விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அதே மாவட்டத்தின் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களுக்கோ மேற்குக் கடற்கரைக் கணக்கு. தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு காலண்டர்! பள்ளி விடுமுறையில் குமரிக்கு வந்து மீன் வறுவல் விலையைக் கேட்டு மயங்குகிற பயணிக்கு இந்தக் காலண்டர் தெரிந்திருக்காது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமி வந்தபோது விவேகானந்தர் பாறையில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள், பிறகு மீட்கப்பட்டார்கள். ஆனால், குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி கடற்கரைக் கிராமங்களில் குடியிருந்தவர்கள் குடும்பம் குடும்பமாகப் பலியானார்கள். மணக்குடியின் இரு கரைகளையும் இணைத்த பாலத்தையே அலை பெயர்த்தெறிந்தது. தமிழகத்தில் சுனாமிக்கு அதிக உயிர்களைக் கொடுத்த மாவட்டங்களில் குமரியும் ஒன்று. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்களை வாரிக்கொண்டு போனது. தூத்தூர் வட்டாரத்தில் அந்த நாள்களை யாரும் மறக்கவில்லை.

புயல் அறிவிப்பு இல்லாத நாளிலும் ஆபத்து வரும். எங்கோ தென் இந்தியப் பெருங்கடலில் வீசிய புயலால் எழும் நெடிய அலை, நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து கரையேறும். வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது, கடல் மட்டும் திடீரென்று உள்ளே புகும். இதற்குக் ‘கள்ளக்கடல்’ என்று பெயர். 2024 மே 6-ம் தேதி, கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரைக்கு வந்த வெளியூர் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இப்படிப்பட்ட அலைகளில் சிக்கி இறந்துபோனார்கள். ஐதராபாத்தில் இருக்கும் இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கெல்லாம் எச்சரிக்கை விடுக்கிறது. ‘இன்றைக்கு ஏன் வள்ளம் ஒன்றுகூடக் கடலில் இறங்கவில்லை?’ என்று கரையில் கேட்கத் தெரிந்தால், அதுவும் ஓர் எச்சரிக்கைதான்.

மேற்குக் கடற்கரைக் கிராமங்களில் கடலரிப்பு தீராத வழக்கு. தூண்டில் வளைவும் கல் தடுப்பும் கேட்டு மக்கள் மனு கொடுப்பது அடிக்கடி வரும் செய்தி. ஓர் இடத்தில் கல்லைப் போட்டால், அலை பக்கத்து ஊர் மணலை அரிக்கப் போய்விடும் என்ற கவலையும் கூடவே இருக்கிறது.

வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை விடவில்லையா? தாராளமாகப் போகலாம், கண்ணைத் திறந்துகொண்டு போனால் போதும். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை பொருந்தும். சில பகுதிகளில் புதுக் கட்டடமே கட்ட முடியாது. எனவே ‘கடல் பார்த்த மனை’ என்ற விளம்பரத்தை நம்பி அட்வான்ஸ் கொடுக்கும் முன், அந்த சர்வே எண் விதிகளுக்குள் வருகிறதா என்று விசாரிக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரை மாசியில் அல்ல, கோடையின் உச்சத்தில் ருசி பார்க்க வேண்டும். கட்டடத்தில் இரும்பைக் குறைத்து, அலுமினியம் அல்லது யுபிவிசி ஜன்னல் போடுவது நல்லது. சுனாமியில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் கை காட்டுவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்குவதற்கு முன் வாடகைக்கு ஒரு வருடம் இருந்து பார்ப்பது உத்தமம். ஒரு சீசன், ஒரு தடைக்காலம், ஆனி–ஆடிக் காற்று, ஐப்பசி மழை எல்லாவற்றையும் அந்தத் தெருவில் பார்த்துவிட்டால், முடிவு தானாக வந்துவிடும். கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, நாகர்கோவில் பக்கம் வீடு எடுத்துக்கொண்டு, வேண்டும்போது கடலைப் பார்க்கப் போவது பலருக்குப் பொருத்தமாக இருக்கலாம்.

குமரிக்காரர்களைக் கேட்டால், குறைகளைப் பட்டியல் போடுவார்கள். ஊரைவிட்டுப் போகிறீர்களா என்றால் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது சொந்த மண். உப்பும் சீசனும் சீற்றமும் அந்த மண்ணோடு வந்தவை. புதிதாகக் குடிபோகிறவர் கடற்காற்றை மட்டும் தேடிப் போனால் ஏமாந்துபோவார். ஊரின் கஷ்டத்தில் பங்கு எடுத்துக்கொள்ளத் தயாரானவருக்கு, அந்த மொட்டைமாடி நிலா நிச்சயம் சொந்தமாகும்.