பாய்லர் அறைக்கு மேல் இருந்த கட்டில்கள்

நீலகிரியில் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய உறைவிடப் பள்ளி அது. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நள்ளிரவில் டார்மிட்டரி படிக்கட்டில் உருண்டு விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். மைனர் என்பதால் அவள் சார்பில் தந்தை நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். பள்ளி தாக்கல் செய்த எதிருரையில் ஒரு பத்தியை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அவள் கற்பனை மிகுந்த குழந்தை, பேய்க்கதை சொல்லி மற்றப் பிள்ளைகளையும் கெடுத்தவள், தானே பயந்து ஓடி விழுந்ததற்குப் பள்ளி பொறுப்பல்ல என்று எழுதியிருந்தார்கள்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 26, விதி 9-ன்படி இடத்தைப் பார்வையிட்டு அறிக்கை தர நீதிமன்றம் என்னை அட்வகேட் கமிஷனராக நியமித்தது. எனக்குப் பேய் பிசாசில் துளியும் நம்பிக்கை கிடையாது. ஆனால் பேய் இல்லை என்பதாலேயே பிள்ளை பொய் சொன்னாள் என்று ஆகிவிடுமா?

அவள் சொன்னதை வழக்குரையில் வரிவரியாகப் படித்தேன். தலை பிளக்கும். நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் அமுக்கும், கத்த வராது. காலடிச் சத்தம் கேட்கும். படிக்கட்டருகே ஓர் உருவம் நிற்கும். அதே வரிசையில் படுத்த மற்றப் பிள்ளைகளுக்குக் காலையில் குமட்டல். லீவுக்கு வீட்டுக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும்.

இரு தரப்பு வக்கீல்களுடன் படிக்கட்டை அளந்துகொண்டிருந்தபோது, ஓரமாக நின்ற ஆயா சொன்னார்: “பாய்லர் மூட்டுற நாளைக்குத்தாங்க புள்ளைங்க அழும்.”

பாய்லர் அறை அந்தக் கட்டில் வரிசைக்கு நேர் கீழே இருந்தது. சீகை விறகு அடுக்கியிருந்தார்கள். புகைபோக்கிக் குழாய் இணைப்பில் விட்டுப்போய், அதைச் சுற்றிச் சாக்குத் துணி கட்டியிருந்தது. மேலே பார்த்தால் மரப்பலகைத் தளத்தின் அடிப்பக்கமெல்லாம் கரி. மாடிக்குப் போய்க் கட்டிலை நகர்த்தினோம். பலகை இடுக்கில் என் பேனா மூடிவரை இறங்கியது. குளிருக்காக ஜன்னல் சந்துகளில் பழந்துணி திணித்திருந்தார்கள். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அறிக்கையில் சேர்த்தேன்.

கண்டதை மட்டுமே கமிஷனர் எழுதலாம், காரணம் சொல்ல அவருக்கு அதிகாரமில்லை. அதனால் வாதி தரப்பு விதி 10அ-வின் கீழ் அறிவியல் ஆய்வு கேட்டு மனுப் போட்டது. நிபுணர் வந்து ஜன்னல்களைச் சாத்தி, பாய்லரை மூட்டச் சொல்லி, கட்டில் உயரத்தில் கருவியை வைத்தார். சிறிது நேரத்திலேயே அது அலறத் தொடங்கியது. கார்பன் மோனாக்சைடு! நிறமும் மணமும் இல்லாத வாயு. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தலைவலியில் ஆரம்பித்து மனக்குழப்பம், மயக்கம், மரணம் வரை கொண்டுபோகும். பழுதான உலையிருந்த வீட்டில் ஒரு குடும்பமே காலடிச் சத்தம் கேட்டு, உருவங்களைக் கண்டதை வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் 1921-லேயே பதிவுசெய்திருக்கிறார்.

ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லையே என்றது பள்ளி. சாதாரணக் காற்றைச் சுவாசித்தாலே நாலைந்து மணி நேரத்தில் ரத்தத்திலுள்ள வாயு பாதியாகிவிடும். விழுந்த பிள்ளையை அவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதோ மறுநாள் மதியம்! எலும்பு முறிந்த குழந்தையை அதுவரை படுக்கவைத்திருந்ததை என்னால் மன்னிக்க முடியாது.

கடைசியில் ராஜிக்கு வந்தார்கள். மைனர் வழக்கில் கட்டளை 32, விதி 7-ன்படி ராஜிக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். மருத்துவச் செலவும் நஷ்டஈடும் தருவதாகவும், பாய்லரைக் கட்டடத்துக்கு வெளியே மாற்றுவதாகவும் பள்ளி ஒப்புக்கொண்டது. சம்மதமா என்று நீதிபதி தந்தையிடம் கேட்டார். “தொகையக் கொஞ்சம் குறைச்சுக்கிறேங்கய்யா. எம் பொண்ணு கதை கட்டுனான்னு எழுதியிருக்கிற அந்தப் பத்திய மட்டும் எடுக்கச் சொல்லுங்க” என்றார் அவர். தொகையைக் குறைக்க நீதிபதி சம்மதிக்கவில்லை. பத்தியை நீக்கச் சம்மதம் என்று பள்ளியின் வக்கீல் அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டார்.